சண்முகப்ரியாவின் ஆடிச்சுற்று

சண்முகப்ரியா, வயது 26. பிறந்தது கரிவலம்வந்தநல்லூர், திருமணமாகிச் சங்கரன்கோவிலில் கணவரின் விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். 2024 ஜூலை 18 அன்று, பிள்ளை வரம் வேண்டிக் கோயிலை நூற்றெட்டு முறை வலம்வரும் ஆடிச்சுற்றைத் தொடங்கினாள். அன்று மாலையே மாதவிலக்கு வந்துவிட்டது. சொன்னால் சுற்று பாதியில் நின்றுவிடும். இனிப் பிள்ளை பிறக்காவிட்டால் அதுவே காரணமாகிவிடும். ஆகவே சென்னைத் தோழி தந்திருந்த டேம்பான் என்னும் பஞ்சுத் திரியை உள்ளே வைத்துக்கொண்டு நடந்தாள். எட்டு மணி நேரத்துக்கு மேல் அது உள்ளே இருக்கக் கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு வந்த உறவினர் நிறைந்த வீட்டில் ஒரே கழிப்பறை. இரண்டு நாள் அதை எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் கடுங்காய்ச்சல், வாந்தி, உடலெங்கும் வெந்தது போன்ற சிவப்பு. மருத்துவமனையில் மாமியார் சீனியம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை.

"மாதவிலக்கு நாளாம்மா?" என்றார் மருத்துவர்.

"விரதத்துல அதெப்படி டாக்டர்? வெயிலு தாங்கல இவளுக்கு" என்று சீனியம்மாளே பதில் சொன்னாள்.

மருத்துவர் நோயாளியின் முகத்தையே பார்த்தார். "உள்ளே ஏதாவது வைத்திருந்தால் அதன் நச்சு ரத்தத்தில் கலந்துவிடும். உயிருக்கே ஆபத்து."

சண்முகப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். "இருக்கு டாக்டர். ரெண்டு நாளா."

"ஏட்டி, அப்ப சாமியையா ஏமாத்துன?"

செவிலியர் சரிந்துகொண்டிருந்த இரத்த அழுத்தத்தை உரக்கச் சொன்னார்: 70/40.