பெல்பாஸ்ட் பஸ்ஸும் இரண்டு பற்றரிகளும்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நான் முடிவெட்டப் போகும் சலூனில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பிரெக்சிட் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மறுபடியும் தோற்கடித்திருந்தது. பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் தனி நாடான அயர்லாந்துக்கும் நடுவில் திரும்பவும் சோதனைச் சாவடி வருமா என்பதில்தான் எல்லாம் இறுகிப்போய் நின்றது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்தார்.

"ஒரு செக்பொயின்ற் போட்டா என்ன அண்ணை? பாஸ்போட்டைக் காட்டிப்போட்டுப் போறதுதானே."

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் வாயில் இந்தப் பேச்சு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அயர்லாந்தின் டப்ளினில் இருந்து எல்லை தாண்டி வட அயர்லாந்தின் பெல்பாஸ்டுக்குப் பஸ்ஸில் போனேன். ஏறுவதற்கு முன் பையில் கிடந்த டோர்ச்சின் இரண்டு பற்றரிகளையும் கழற்றிக் குப்பையில் போட்டேன். சண்டைக் காலத்தில், குண்டு செய்ய உதவும் என்று பற்றரிக்குத் தடை இருந்தது; ஊரில், சோதனைச் சாவடியில், இரண்டு பற்றரிக்காக ஆமிக்காரர் என்னை வெயிலில் முழங்காலில் நிறுத்தியிருக்கிறார்கள். பஸ்ஸில் பையை மடியிலும் பாஸ்போட்டைக் கையிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பொறுக்க முடியாமல், எல்லை எப்போது வரும் என்று டிரைவரிடம் கேட்டேன். அதைக் கடந்து அரை மணி நேரமாகிவிட்டது என்றார்.

இதையெல்லாம் சலூனில் கத்தியே சொன்னேன்.

"முப்பது வருசமாகியும் என்ரை கை தன்பாட்டில பற்றரியைக் கழட்டுது, தம்பி. இந்த வருத்தத்தை இன்னொரு சனத்துக்கும் குடுக்கச் சொல்லுறீரோ?"