டீச்சரின் நைலான் டயர்

பாடம் முடிந்து மாணவி காரை விட்டு இறங்கிக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் அவளைக் கண்டுகொள்வதே இல்லை. குனிந்து, நான்கு டயர்களிலும் ஒவ்வொன்றாகப் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. “முன்னாடி இடது பக்கத்தத் தொட்டுப் பாரு. கொதிக்குதா? நீ பிரேக்க மிதிச்ச மிதிக்கு அது உன்னத் திட்டிக்கிட்டு இருக்கு” என்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் பயந்துபோய் டயரிடமே மன்னிப்புக் கேட்டதும் உண்டு.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வயது ஐம்பத்தேழு. குள்ளமான உருவம், அதற்கு ஈடுகட்ட சீட்டில் ஒரு தலையணை, அதையும் மீறி ஒரு வெண்கலக் குரல். சாலையில் நாற்பதுக்கு மேல் முள் ஏறியதை யாரும் பார்த்ததில்லை. அவருடைய காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோவார்கள். அதே டீச்சர்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி மேசைக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருநூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவுக்குள் பாய்கிறார் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

அது மகனுடைய அறை. அவன் கல்யாணமாகி மனைவியோடு வேலை கிடைத்த தூர ஊருக்குப் போனபோது, கம்ப்யூட்டரில் கார்ப் பந்தய விளையாட்டு ஆட வாங்கிய ஸ்டீயரிங்கையும் பெடல்களையும் அகலத் திரையையும் விட்டுவிட்டுப் போனான். “யாருக்காவது குடுத்துடும்மா” என்றான். கொடுப்பதற்கு முன் என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று உட்கார்ந்தார். திரையில் அந்தக் காலத்துப் பந்தயக் கார் ஒன்று வந்தது. நீள மூக்கு, உருண்டை விளக்கு. இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி, பகலும் இரவும் ஓட்டித் தீர்த்த நெடுநேரப் பந்தயங்களின் கார். ஒரே ஒரு வளைவு ஓட்டினார், எழுந்துவிட்டார். “இது டயரா, பசையா? ரோட்டோட ஒட்டிக்கிட்டு வருது!”

இணையத்தில் வேறு யாரோ திருத்தி வைத்திருந்த டயரைப் போட்டுப் பார்த்தால் அது நேர்மாறு. சோப்பு நுரையில் கால் வைத்த கதை. “பழைய டயர்னா வழுக்கும்னு எந்த மடையன் சொன்னான்?” என்று அன்று முழுக்க வீட்டில் ஒரே சத்தம். கேட்க ஆள் கிடைத்தால் போதும், இன்றைக்கும் பாடம் நடத்திவிடுவார்: “வழுக்குறது வேற, நழுவுறது வேற. அந்தக் காலத்து நைலான் டயர் பிடிய விடுறதுக்கு முன்னாடி பத்துத் தடவ சொல்லும். கொஞ்சம் கொஞ்சமா நழுவும். ஸ்டீயரிங்க எதிர்ப்பக்கம் லேசாக் குடுத்தா சொன்ன பேச்சு கேக்கும். இப்ப வர்ற ரேடியல் நல்லாத்தான் புடிக்கும். ஆனா விட்டுச்சுன்னா ஒரேயடியா விட்டுடும்.”

விளையாட்டில் டயரின் குணத்தை எண்களாக எழுதி வைத்திருப்பார்கள், வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் டீச்சருக்கு வேறு வேலை ஓடவில்லை. கடை கடையாகத் தேடி நான்கு நைலான் டயர் பிடித்துப் பள்ளியின் பழைய காருக்கு மாட்டினார். காலி மைதானத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு பிளாஸ்டிக் வாளியை நடுவில் வைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, டயர் முனகுவதைக் கேட்டபடி வட்டம் வட்டமாகச் சுற்றினார். காவல்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார். “ஆமா, பிடிய” என்றார் டீச்சர். வீட்டுக்கு வந்து ஓர் எண்ணை மாற்றுவார், ஓட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி மாற்றுவார். கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “எந்த டயர் போட்டா என்ன, நீ எப்படியும் இந்த ரூம்லதானே நிக்கப் போற” என்பார். அவருக்கு அன்று டீ கிடைக்காது.

இந்தக் கதைக்குள் சம்பந்தியம்மா வந்தது திரைச்சீலைக்கு அளவெடுக்க. மருமகளுடைய அம்மா, தையல் கடை வைத்திருப்பவர். அதுவரை இரண்டு பேருக்கும் பேச்சு என்றால், “நல்லா இருக்கீங்களா”, “பிள்ளைங்க போன் பண்ணாங்களா”, அவ்வளவுதான். பிறகு இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, “நானும் ஒரு தடவ உக்காரட்டுமா சம்பந்தி?” என்று கேட்டார். உட்கார்ந்தார், நேராகப் போய்ச் சுவரில் மோதினார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அடுத்த ஞாயிறு அளவு நாடா இல்லாமலேயே வந்து நின்றார். இணையத்தில் பழைய கார்ப் பந்தயம் ஓட்டும் கூட்டம் ஒன்றில் இருவரும் ஒரே காருக்குப் பெயர் கொடுத்தார்கள். அணியின் பெயர் ‘ரெண்டு மாமியார்’. டீச்சர் செய்த டயரைத்தான் அந்தக் கூட்டமே மாட்டிக்கொண்டு ஓட்டுகிறது.

சிக்கல் சம்பந்தியம்மாவின் காலில் இருந்தது. மோட்டார் வைத்த தையல் மெஷினில் பழகிய கால். மிதித்தால் முழு மிதி, எடுத்தால் முழுசாக எடுப்பு. பிரேக்கையும் அப்படியே மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்று தரையில் தேயும், டயரில் ஓரிடம் தட்டையாகிவிடும். நெடுநேரப் பந்தயத்தில் அடிக்கடி டயர் மாற்றவும் மாட்டார்கள். ஒருத்தர் கெடுத்த டயரில்தான் அடுத்தவர் ஓட்ட வேண்டும். டீச்சர் கைக்கு ஸ்டீயரிங் வரும்போது அது டக், டக், டக் என்று உள்ளங்கையைக் குத்தும். மாணவி என்றால் காது கிழிந்திருக்கும். சம்பந்தியிடம் ‘உங்கள் கால் சரியில்லை’ என்று சொல்லிவிட முடியுமா? காலையில் சொன்னால் மதியத்துக்குள் மருமகள் காதுக்குப் போய், சாயங்காலம் மகன் வாயிலிருந்து வேறு உருவத்தில் திரும்பி வரும். அதனால், “பரவால்லைங்க, டயருன்னா தேயத்தானே செய்யும்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

ஆறு மணிநேரப் பந்தயம் நெருங்கிய நேரம். பயிற்சியில் ஒரு நீண்ட வலது வளைவில் சம்பந்தியம்மா மூன்று தடவை பம்பரமாகச் சுற்றி மணலில் போய் நின்றார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் வரல சம்பந்தி. உங்க பேரக் கெடுக்கிறேன். சின்ன வயசுக்காரங்க யாரையாவது சேத்துக்கங்க.” அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போவதை டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் மின்விசிறிதானா? அந்த மனுஷியை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

வாழ்நாளில் செய்யாத காரியத்தை அப்போது செய்தார். டயரின் பிடியை உள்ளதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டினார். எல்லோருக்கும் புது டயர் அனுப்பிவிட்டு, “திருத்தியிருக்கேன், சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாருங்க” என்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார். கூட்டத்தில் ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டுமே! “இப்பதான் டீச்சர் உங்க டயர் டயர் மாதிரி இருக்கு” என்று பாராட்டு வேறு. படிக்கப் படிக்க டீச்சருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் சம்பந்தியம்மா வந்து மூன்று சுற்று ஓட்டினார், ஒரு சறுக்கல் இல்லை. நான்காவது சுற்றில் ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“சம்பந்தி, டயர்ல கைய வெச்சீங்களா?”

“இ... இல்லியே.”

“நேத்து வரைக்கும் அந்த வளைவுல பின்பக்கம் மெதுவா நகரும். ஊசிக்குக் கீழ பட்டுத்துணி நழுவுமே, அந்த மாதிரி. எனக்கு அத அடக்கத் தெரியல, அவ்வளவுதான். இன்னிக்குக் கட்டிப் போட்ட மாதிரி நிக்குது. நான் ஓட்டல, அது என்னத் தூக்கிட்டுப் போகுது.”

டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. “நீங்க வருத்தப்பட்டுப் போனீங்களே, அதான்...”

“எனக்காகப் பொய் டயரு செஞ்சீங்களா? ஜாக்கெட் டைட்டுன்னு தினம் நாலு பேர் கிட்டத் திட்டு வாங்குறவ நான். என் மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொன்னா என்ன? எங்க தப்பு? சொல்லுங்க!”

டீச்சர் மூச்சை இழுத்துவிட்டார். பிறகு பள்ளியில் பேசும் அந்த வெண்கலக் குரலில், “கால்தாங்க தப்பு! கரப்பான் பூச்சியவா மிதிக்கிறீங்க? பிரேக்குங்க அது! அழுத்தணும், அப்புறம் வளைவுக்குள்ள போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமா விடணும்!” என்று ஒரு போடு போட்டார். கூடத்தில் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். கல்யாண உறவு இத்தோடு சரி என்றுதான் அவரும் நினைத்தார்.

சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பித்தார். “அப்பாடா! இத்தன நாளு இத உள்ளயே வெச்சுக்கிட்டு எப்படிங்க சோறு தின்னீங்க?” என்றார். “போங்க, பழைய டயரப் போடுங்க.”

போட்டார். கூட்டத்திலிருந்து ஒரே புலம்பல். பந்தய நாள் வரை சம்பந்தியம்மா கடையை மூடியதும் நேராக இங்கே வந்து, மிதித்துப் பழகி, திட்டு வாங்கி, பதிலுக்கு நாலு கொடுத்துவிட்டுப் போனார்.

பந்தயத்தில் அவர்கள் நடுவில் எங்கேயோ இருந்தார்கள். அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. கடைசி முறை சம்பந்தியம்மாவுடையது. டயர் நான்கும் தேய்ந்து களைத்திருந்தன, ஆனால் ஸ்டீயரிங்கில் டக் டக் இல்லை. டீச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்த வலது வளைவு வந்ததும், இது வீடு என்பதை மறந்து அவருடைய வலது கால் வெறும் தரையைத் தொம்மென்று மிதித்தது.

சம்பந்தியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காரின் பின்பக்கம் மெல்ல வெளியே நழுவியது. அவர் பெடலிலிருந்து காலைப் பூப்போலத் தளர்த்தி, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு துளி கொடுத்தார். கார் அப்படியே நழுவிக்கொண்டே வளைந்து, நிமிர்ந்து, நேர்ச்சாலையில் ஓடியது.

“இப்ப மிதிச்சது நான் இல்லீங்க சம்பந்தி” என்றார்.

டீச்சர் சிரித்தார். அடுத்த சுற்றில் அந்த வளைவு திரையில் தெரிந்ததும், இரண்டு கால்களையும் தரையிலிருந்து எடுத்து, நாற்காலி மேல் சம்மணம் போட்டுக்கொண்டார்.