மடியில் சுருளை மறைத்தவள்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். கடையில் நிறுத்து வாங்கிய கத்தரிக்காயை வீட்டுக்கு வந்ததும் மறுபடி நிறுப்பேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் நான். இரண்டு பிள்ளைகள் பரீட்சைத் தாளில் ஒரே தப்பைச் செய்திருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதியது என்று அங்கேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளின் வீட்டில், சேரன்மகாதேவியில், என் மகள் குறி பார்க்கிற டாரட் சீட்டைக் கொண்டுவந்து விரித்தாள்.

அவளுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று இரண்டு வாரத்துக்கு வந்திருந்தாள். காலையில் காபி குடித்ததும் ஒரு நீலத் துணிப்பையை அவிழ்ப்பாள். சீட்டைக் கலைத்து, ஒன்றை உருவி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுவாள். கிளி ஜோசியம் என்றால் கிளிக்காவது ஒரு நெல் கிடைக்கும், இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேலி செய்தேன். எப்போதும் என்னோடு சேர்ந்து சிரிப்பவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

மூன்று நாளும் ஒரே படம் வந்தது. இரண்டு தூண்களுக்கு நடுவில் நீல அங்கி போட்ட ஒரு பெண். பின்னால் மாதுளம்பழம் போட்ட திரை, காலடியில் பிறை.

"இவ யாருட்டி? நேத்தும் இவதான வந்தா?"

"பெண் பூசாரிம்மா."

"பூசாரின்னா துன்னூறாவது குடுக்கணும். இவ சும்மால்லா உக்காந்திருக்கா."

"மடியில பாரு, ஒரு சுருள் இருக்கு. பாதியத் துணிக்குள்ள மறைச்சிட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனா வாயத் தொறக்க மாட்டா. அதான் அர்த்தம்."

இதைச் சொல்லும்போது அவள் சீட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து தேறியிருந்த சமயம். அவ்வளவு தூரம் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படி, படி என்று ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் விரட்டிய டீச்சர் அல்லவா? அதனால், "ஆத்தங்கரை அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போம்" என்றேன்.

கல்யாணமோ வேலையோ, மனசு ஒரு நிலையில் நிற்காதபோது எங்கள் பக்கத்தில் செய்வதுதான். ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

நான் என் மதிப்பெண் ஏட்டில் இரண்டு தாள் கிழித்து, இரண்டிலும் செவ்வரளியை வைத்து மடித்தேன்.

அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். மற்றதை அவள் கையிலேயே கொடுத்து, ஆற்றில் விட்டுவிட்டு வரச் சொன்னேன். அம்மன் பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம். படித்துறையில் இறங்கிப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். அந்த ஜெர்மனிப் பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது இந்தப் பூசாரி வந்து உட்கார்ந்திருக்கிறாள். மகளுக்குத் தெரியுமா, தெரியாதா? போனில் தேடிப் பார்த்தேன். ரகசியம், மறைத்துவைத்த அறிவு, பொறுமை என்று போட்டிருந்தது. ஒரு தூண் கருப்பு, ஒரு தூண் வெள்ளை. எனக்கு இரண்டும் பொட்டலமாகவே தெரிந்தன. மகளை மெல்லச் சோதித்தேன்.

"அன்னைக்கு அம்மன் சொன்னதும் நல்லதுக்குத்தான், என்னட்டி?"

"யாரு சொன்னாலும் நல்லதுக்குத்தாம்மா."

யாரு சொன்னாலும் என்றால் என்ன அர்த்தம்? அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன். மறுநாளும் அதே பெண் வந்தாள். எழுபத்தெட்டுச் சீட்டில் ஒருத்தியே தினமும் வருவாளா? மகள் கட்டு முழுக்க அவளையே அடுக்கி வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். திருட்டுப் புத்திக்குத் திருட்டுத்தானே முதலில் தோன்றும்.

அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பையை அவிழ்த்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ராஜா, ராணி, தலைகீழாகத் தொங்குகிறவன், சூரியன் எல்லாம் இருந்தார்கள். பூசாரி ஒருத்திதான். சந்தேகம் தீர்ந்தது என்று பையை உதறியபோது அடியிலிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. என் மதிப்பெண் ஏட்டில் கிழித்த தாள். உள்ளே கருத்துச் சுருங்கிப்போன அரளி. அன்றைக்கு ஆற்றில் விடச் சொன்ன பொட்டலம்.

"எண்ணிட்டியாம்மா?"

ஈரத் தலையோடு வாசலில் நின்றிருந்தாள்.

"இத எப்பப் பிரிச்சட்டி?" என்றேன்.

"படி எறங்கும்போதே. எனக்கும் உன் புத்திதான, எதையும் நம்ப வராது."

"தெரிஞ்சுமா போகாம இருந்த?"

"இவ்ளோ பயந்திருக்கியேன்னு இருந்துட்டேன். ஆனா கோவம் போகல. போகாதன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அப்பவே இருந்திருப்பேன். அம்மன எதுக்கு இழுத்த?"

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. சீட்டுகளை எடுத்து அடுக்கினாள்.

"இந்தப் பூசாரி அவளா வரல. நான்தான் தெனமும் எடுத்து வச்சேன். நீயா வந்து சொல்லுதியான்னு பாத்தேன்." பையை இறுக்கிக் கட்டினாள். "ஜெர்மனில மறுபடியும் இடம் கெடச்சிருக்கு. பூக்கட்டிப் பாப்போம். நீயே கட்டு."

கேலி செய்கிறாளா, தண்டிக்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சீட்டுக்காரியின் முகம்தான்.

மதிப்பெண் ஏட்டில் இரண்டு தாள் கிழித்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அரளியும் நந்தியாவட்டையும் எங்கள் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவள் பின்னாலேயே வந்து நின்றாள். அரளியைத் தாண்டிப் போய் வெள்ளை நந்தியாவட்டை இரண்டைப் பறித்தேன். ஒவ்வொரு தாளிலும் ஒன்றை வைத்து, அவள் பார்க்கவே மடித்தேன்.