ரூபன் அண்ணா எழுதிய பதினொரு வரிகள்

“ரூபன் செத்துப்போனான், பிள்ளை. சமைச்சுக்கொண்டு நிக்கேக்க குசினியிலயே விழுந்திட்டான்.” பாரிஸ் லாச்சப்பல் பலசரக்குக் கடை யோகன் அண்ணை போனில் சொன்னபோது நான் சென் தெனி அலுவலகத்தில் ஒரு டிரைவரில், அதாவது கணினியின் பாகங்களை இயக்கும் நிரலில், பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

நல்ல சமையல்காரர் என்று உங்களில் பலர் அஞ்சலி எழுதியிருக்கிறீர்கள். படிக்க எரிச்சலாக இருக்கிறது. அவர் கோழி வெட்டியது வயிற்றுக்காக. யாழ்ப்பாணத்தில் மின்னணுவியல் படித்தவர். இங்கே அந்தப் படிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

யோகன் அண்ணை கடையில் பில் போடும் மெஷினின் தொடுதிரை, தூங்கி எழுந்தால் சில நேரம் செத்துவிடும். டிரைவர் எழுதுவது என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார். இரண்டு சனிக்கிழமைகள் மல்லுக்கட்டினேன். பக்கத்து உணவகத்திலிருந்து கறிவேப்பிலை வாங்க வந்த ரூபன் அண்ணா, மெஷினின் பாகங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் அட்டவணை திறந்திருந்த என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

“இந்த அட்டவணை ஆர் எழுதினது?”

“மெஷின் பண்ண கம்பெனிதாண்ணா. மெஷினுக்குள்ளயே அவங்க எழுதி வச்சு அனுப்புற ஃபர்ம்வேர்ல இருக்கு.”

“அவன் பொய் சொல்லுறானோ எண்டு மெசினிட்டைக் கேட்டனீரோ?”

மறுவாரம், கம்பியில் ஓடும் சமிக்ஞையை வரைந்து காட்டும் சிறு கருவியோடு வந்தார். விரல் பட்டதும் திரை ‘என்னைக் கவனி’ என்று கணினியைக் கூப்பிடும். அதுதான் இன்டரப்ட். கவனிக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று ஃபர்ம்வேர் சொன்னது. கருவியை மாட்டிப் பார்த்தால், கண்ணிமைக்கும் முன் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அடங்கிவிடுகிறது. விழித்தெழும்போது கணினி அதைத் தவறவிட்டால், அந்தப் பழைய செய்தியை வாசிக்கும்வரை திரை மறுபடி கூப்பிடாது. இந்த மெஷினில் மட்டும் ஃபர்ம்வேரை நம்பாதே, எழுந்ததும் நீயே ஒருமுறை வாசித்துப் பார் என்று, அந்த மெஷினை இயக்கும் லினக்ஸ் மென்பொருளுக்குச் சொல்லும் பதினொரு வரிகளை ரூபன் அண்ணா எழுதினார். திரை அதன்பின் சாகவில்லை. கம்பெனிக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை.

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதும் லினக்ஸில் அந்த வரிகளைச் சேர்க்க, ‘இதை எழுதியது நான்’ என்று எழுதியவர் பெயரோடு உறுதிமொழி வேண்டும். அவர் அப்போது வேறொருவரின் விசாவில், அந்த ஆளின் பெயரில் வேலை செய்துகொண்டிருந்தார். இப்போது சொல்லலாம். இனி அவரை யாரும் நாடுகடத்த முடியாது.

“உங்க பேர்தாண்ணா போடணும்.”

“எந்தப் பேர்? குசினியில நிக்கிறவன் வேற ஆளெல்லே! சொந்தப் பேரைப் பார்த்து ஆரும் தேடி வந்தால் முதலாளியும் நானும் ஜெயிலுக்குள்ளதான். உம்மட பேரைப் போடும், தங்கச்சி.”

போட்டேன்.

மூன்று வருடம் கழித்து அவருக்குச் சொந்த விசா கிடைத்தது. என் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். செய்த வேலையைக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பதினொரு வரிகளைக் காட்டினார். மேலாளர் என் பக்கம் திரும்பினார்: “இதில் உன் பெயர் அல்லவா இருக்கிறது?” உண்மையைச் சொன்னால் நான் பொய்யாக உறுதிமொழி கொடுத்தவள். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அதே வரிகளைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியிருந்தேன்.

“அவர் உதவினார்” என்றேன்.

ரூபன் அண்ணா வெளியே வந்து மெட்ரோ வாசலில், “உம்மட கொம்பனியும் எழுதியிருக்கிறதைத்தான் நம்பும் போல” என்று சிரித்தார். “சரி, நான் வாறன். கோழி வெட்டக் கிடக்கு.”

அதன்பின் ஒரு வருடம் அவர் கோழி வெட்டினார். ஒரு நாளும் என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்போம்.

இறுதிச் சடங்கு முடிந்த அன்று லினக்ஸ்காரர்களுக்கு உண்மையை எழுதினேன். பழைய பதிவை மாற்ற முடியாது, வரிகளுக்கு மேல் குறிப்பு சேர்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் கண்டுபிடித்தார், அவர் எழுதினார் என்று சொந்தப் பெயரோடு சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. அலுவலகத்திலும் சொல்லிவிட்டேன். விளக்கம் கேட்டிருக்கிறார்கள், கொடுப்பேன்.

அவரை அறிந்த உங்களிடம் அவருடைய சிரிப்பு இருக்கலாம், கைப்பக்குவம் இருக்கலாம். என்னிடம் இருப்பது, நான் ‘உதவினார்’ என்று சொன்னபோது மேசைமேல் இருந்த தன் தாள்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிய விதம்.