நான் வெட்டிய பாதி வாக்கியம்

1. திண்டிவனத்தில் ஒரு பெண் என்னை நம்பி ஒரு விஷயம் சொன்னார்.
2. அதில் முதல் பாதியை மட்டும் அறிக்கையில் எழுதினேன். மறு பாதியை வெட்டினேன்.
3. அந்த முதல் பாதியைக் காட்டித்தான் பெற்றோருக்கான பள்ளி ஆப்பை மாற்ற வைத்தேன்.
4. ஆப் நன்றாகிவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள்.
5. அந்தப் பெண்ணும் அவர் கணவரும் பேசிக்கொள்வது நின்றுபோனது.

எதையும் வரிசைப்படுத்தி எழுதினால்தான் எனக்குத் தெளிவு வரும். இதை எத்தனையோ முறை எழுதிப் பார்த்துவிட்டேன்... இரண்டாவது வரி மாறுவதே இல்லை.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு செயலியைப் பயன்படுத்துகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது, எங்கே எரிச்சல் வருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தத் தயக்கத்தையும் எரிச்சலையும் நீக்க வேண்டும். படித்தது கணினிப் பொறியியல். ஆனால் எனக்குப் பிடித்தது இந்தப் பக்கத்தில் உட்காரும் வேலைதான்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளிகள் நடத்தும் ஒரு அறக்கட்டளைக்காக அந்த ஆப். வீட்டுப்பாடம், விடுமுறை, வேன் தாமதம் எல்லாம் அதில் வரும். பழைய ஆப்பில் ஒரு தொல்லை இருந்தது. தினமும் தானாக வெளியே தள்ளிவிடும். மறுபடி உள்ளே போக ஓ.டி.பி. வேண்டும். அந்த ஆறு எண்களோ, சேர்க்கையின்போது கொடுத்த அப்பாவின் கைபேசிக்குப் போகும். ஆப்பைத் திறப்பதோ அம்மா!

விழுப்புரத்தில் என்னிடம் பேசிய அம்மாக்கள் இதைத் திட்டித் தீர்த்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரின் மனைவி ஒருவர் சொன்னார்: "அவரு சவாரியில இருப்பாரு, போன எடுக்க மாட்டாரு. அன்னிக்கு வேன் வரலன்னு மெசேஜ் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. புள்ள ஸ்கூல் வாசல்லயே நின்னுக்கினு இருந்திருக்கு மேடம்!"

அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். இதை நீக்கியே தீருவது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு தவறில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு திண்டிவனத்தில் தேவகி அக்காவைப் பார்த்தேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மில்லில் வேலை. மகள் யாழினி நான்காம் வகுப்பு. கணவருக்கு ஓசூரில் ஒரு குடோனில் வேலை.

கைபேசியை அவர் கையில் கொடுத்து, இன்றைய வீட்டுப்பாடத்தைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"இன்னாம்மா இது, எனக்கே பரிச்சை வைக்கிறியா?" என்று சிரித்தார்.

"பரிச்சை ஆப்புக்குத்தான்க்கா. உங்களுக்கு இல்ல."

"அப்ப சரி. அது பெயிலாவட்டும்."

ஆப் எண்களைக் கேட்டது. அக்கா பொறுமையாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணவரை அழைத்தார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "நம்பர்" என்றார். அங்கிருந்து ஆறு எண்கள் வந்தன. அக்கா அழுத்தினார். தவறு என்றது ஆப். மறுபடி அழைத்தார்.

"அம்மா, அப்பா இன்னிக்கும் தப்பா சொல்லிட்டாரா?" என்று உள்ளேயிருந்து யாழினி கத்தினாள்.

அக்கா வெட்கத்தோடு சிரித்தார். நான் ஒன்றும் புரியாமல் பார்த்தேன். அப்போதுதான் அவர் சொன்னார்.

"தெனம் இந்த நம்பருக்காக அவருக்குப் போன் போட வேண்டியிருக்கு தங்கச்சி. ஒரே பேஜாரு. ஆனா அதனாலதான் நாங்க பேசிக்கினு இருக்கோம்."

கொழுந்தனார் கல்யாணத்தில் கணவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டாராம். அக்காவும் ஒன்று சொல்லிவிட்டாராம். என்ன வார்த்தை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கணவர் ஓசூருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் பேச அழைப்பார். அக்கா கைபேசியை யாழினியிடம் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவார்.

பேச்சே இல்லாத அந்த வீட்டில்தான் இந்த ஆப் வந்து நுழைந்திருக்கிறது!

"மொதல்ல நம்பரச் சொல்லிட்டு கட் பண்ணிடுவாரு. அப்புறம் ஒருநா, பாப்பா சாப்ட்டாளான்னாரு. அப்புறம், அங்க மழையான்னாரு. போன வாரம்..." குரலைத் தாழ்த்தினார். "நீ சாப்ட்டியான்னாரு."

"நம்பர் ஏன்க்கா தப்பா வருது?"

"குடோன்ல நாள்பூரா பெட்டி நம்பரப் படிச்சிக்கினு இருக்கிற ஆளு, எனக்கு மட்டும் ஆறு நம்பரத் தப்பா படிப்பாராம்! வேணும்னேதான். அப்பத்தான நான் மறுபடி போடுவேன்?"

இருவரும் சேர்ந்து சிரித்தோம். கிளம்பும்போது வேகவைத்த மல்லாட்டையை ஒரு பையில் போட்டு, "பஸ்ல தின்னுக்கினு போ" என்று கொடுத்தார். வாசல்வரை வந்து, என் தோளைத் தொட்டு, பாதி விளையாட்டாகச் சொன்னார்: "எத வேணா மாத்து தங்கச்சி. அத மட்டும் எடுத்துடாத."

நான் சரி என்றேன். ஆமாம்... சரி என்றுதான் சொன்னேன்!

அலுவலகத்தில் ஓ.டி.பி. முறையை மாற்ற எதிர்ப்பு இருந்தது. பாதுகாப்பு, செலவு, நேரம் என்று காரணங்கள் வந்தன. எனக்கு ஒரு வலுவான வரி தேவைப்பட்டது. படித்தவுடன் எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விழுப்புரத்து அம்மாக்கள் சொன்னவை நீளமாக, கோபமாக, சிதறலாக இருந்தன. தேவகி அக்கா சொன்னது சுருக்கமாக, பளிச்சென்று இருந்தது.

"தெனம் இந்த நம்பருக்காக அவருக்குப் போன் போட வேண்டியிருக்கு தங்கச்சி. ஒரே பேஜாரு."

அந்த இடத்தில் நிறுத்தினேன். 'ஆனா' என்பதற்கு முன்னால் நிறுத்தினேன். நானே தட்டச்சு செய்தேன். என் விரல் தயங்கியது. அடுத்தவர் விரல் தயங்கினால் குறித்துக்கொள்கிறவள், என்னுடையதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அந்தரங்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு குடும்பத்தின் சண்டையை அலுவலகத் திரையில் போடலாமா? போடக் கூடாதுதான். அப்படியானால் முழுவதையும் விட்டிருக்க வேண்டாமா? பாதியை மட்டும் எடுத்து, ஆசையைப் புகாராக மாற்றி, அதற்கு மேலே தடித்த எழுத்தில் தலைப்பு வைத்ததற்கு என்ன பெயர்?

பலருக்கு நன்மை, ஒருவருக்குச் சின்ன இழப்பு, இதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் வேறு வழி இருந்தது. எண்கள் யாருக்குப் போக வேண்டும், அம்மாவுக்கா அப்பாவுக்கா என்பதை அந்தந்தக் குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பழையபடி இருக்க விரும்புகிறவர்களை அப்படியே விட்டிருக்கலாம். அதைச் சொன்னால், யார் பழையபடி கேட்பார்கள், ஏன் கேட்பார்கள் என்று கேள்வி வரும். என் வலுவான வரி பலவீனமாகும். வாதத்தில் நான் ஜெயிக்க விரும்பினேன்... அவ்வளவுதான்.

ஜெயித்தேன். புதிய ஆப் வந்தது. அம்மாவின் எண், ஒரே ஒரு முறை ஓ.டி.பி., பிறகு தொட்டால் திறக்கும்.

மாற்றத்திற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க மறுபடி திண்டிவனம் போனேன். அக்கா என்னைப் பார்த்ததும் மில்லில் பாதி வேலையைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு ஓடி வந்தார். எனக்கு டீ வாங்கி வந்தார். நான் இளைத்துவிட்டேன் என்று திட்டினார்.

"ஆப் எப்படிக்கா இருக்கு?"

"சூப்பரா இருக்குமா. தொட்டா தொறந்துக்குது."

கொஞ்ச நேரம் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதுலேருந்து வெளிய வர்றது எப்படி?"

"எதுக்குக்கா?"

"சும்மாதான். வெளிய வந்தா மறுபடி நம்பர் கேக்கும்ல?"

"கேக்கும்க்கா. ஆனா நம்பர் இப்ப உங்க போனுக்கே வரும்."

"ஓ..." என்றார்.

"அண்ணன் போன் பண்ணாராக்கா?"

"என்னான்னு பண்ணுவாரு? அவருக்கும் நம்பர் சொல்ற வேலை இல்லாம போச்சே."

"நீங்க பண்ணலாமேக்கா?"

"நம்பர் கேட்டுப் பண்ணா அது வேலை. சும்மா பண்ணா நான் எறங்கி வந்துட்டேன்னு ஆயிடும்ல?"

பதறிப்போய்ச் சொன்னேன்: "அண்ணன் நம்பருக்கே மாத்திடறேன்க்கா. ஜல்தியா முடிஞ்சிடும்."

"அய்யய்யோ, வேணாம்!" என்று கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இப்ப மாத்துனா நானே மாத்துனேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அப்ப ஆப்பு கேட்டுச்சி, நான் போன் போட்டேன். இனிமே நானே கேக்கற மாதிரி ஆயிடும்."

இதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது தானாக வந்த தொல்லை. அதனால்தான் அவர்களுக்கு உதவியது. நானோ அவரோ திட்டமிட்டு உண்டாக்கினால் அது வேறொன்றாகிவிடும்.

என் முகம் மாறியிருக்க வேண்டும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஏன் மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு இருக்க? நீ சொல்லியிருப்ப. உங்க பெரியவங்க கேட்டிருக்க மாட்டாங்க. நீ இன்னாம்மா பண்ணுவ!"

நான் தலையாட்டினேன்.

வாக்கியத்தை வெட்டியதுகூட ஆத்திர அவசரத்தில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தலையாட்டலுக்கு என்ன சொல்ல? எதிரே என்னை நம்பும் ஒரு முகம். என் கை அவர் கைக்குள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனால் சொன்னால் அந்தக் கை விலகிவிடுமே என்று பயந்தேன். அவர் பிரியம் எனக்கு வேண்டியிருந்தது!

இன்றைய நிலை இதுதான். ஆப் இரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் சிக்கலின்றி ஓடுகிறது. எண்களை யாருக்கு அனுப்புவது என்று குடும்பமே தேர்ந்தெடுக்கும் வசதியை அடுத்த மாற்றத்துக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன், காரணத்தை எழுதவில்லை. யாழினியின் அப்பா ஓசூரில் இருக்கிறார். தேவகி அக்கா திண்டிவனத்தில் இருக்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அக்கா என்னிடம் இப்போதும் பேசுகிறார். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.