வான் திரும்பி வந்த திங்கட்கிழமை

துறைமுகத்துக்கு அருகில் உள்ள ஒரு கம்பனியில் நான் எழுதுவினைஞர். பாலையூற்றிலிருந்து எங்கள் ஏழு பேரையும் தினமும் ஏற்றிவந்த கம்பனி வானை ஒருநாள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அதை ஓட்டிய நசீர் நானாவுக்கும் வேலை போனது. இரண்டு பஸ் மாறி வேர்த்து வந்த மற்றவர்கள், "நீங்கள்தான் நல்லாக் கதைப்பீங்கள், போய்க் கேளுங்கோ" என்று என்னை முகாமையாளரிடம் அனுப்பினார்கள்.

"வானைத் திரும்ப விடுங்கோ சேர். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போட்டு நேரத்துக்கு வர ஏலாமல் கிடக்கு," என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "வான் ஒவ்வொரு நாளும் பிந்துது எண்டு கடிதம் தந்தது நீங்கள்தானே? அதாலதான் நிப்பாட்டினனான்."

அவர் சொன்னது உண்மைதான். ஏதோ கோபத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. நானாவைக் கூப்பிட்டு நேரத்துக்கு வரச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பிந்தினாலும் பரவாயில்லை சேர். அந்தக் கடிதத்தை விட்டிடுங்கோ," என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

திங்கட்கிழமை வான் வந்தது, பத்து நிமிடம் பிந்தி. நசீர் நானா இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்க கதைச்சதாலதான் எனக்கு வேலை திரும்பக் கிடைச்சது. மறக்கமாட்டன்," என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஓம் நானா" என்று மட்டும் சொல்லி ஏறிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் என் மனம் ஆறும், அவர் மனம் நோகும். சொல்லாமல் இருப்பது அவருக்காகவா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.