ஊர்க்காரரிடம் வாங்கிய ஆக்சிஜன் மெஷின்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கப் போனேன். இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்த பெண்மணி, சைக்கிளைத் தருவதற்கு முன் ஒரு தாளை நீட்டினார். வலது பிரேக் தளர்வு, மணி அடிக்காது, பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு கீறல் என்று குறைகளை வரிசையாக எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட நம் ஊரில் யாரும் இத்தனை குறையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்! எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், “இதெல்லாம் வேண்டாம், நான் உங்களை நம்புகிறேன்” என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் இறுகிவிட்டது. “ஏன்? என்னை உங்களுக்குத் தெரியாதே” என்றார். நான் ஏதோ சூழ்ச்சி செய்கிறேன் என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அவமானத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

இங்கே பழைய பொருள் விற்கும் தளங்களில் கொய்ஃபர்ஷுட்ஸ் என்று ஒன்று உண்டு. வாங்குகிறவருக்கான பாதுகாப்பு. கொஞ்சம் கட்டணம் கூடுதலாகக் கட்டினால், நம் பணத்தைத் தளமே பிடித்து வைத்துக்கொள்ளும். பொருள் கைக்கு வந்து, சொன்னபடி இருக்கிறது என்று நாம் சொன்ன பிறகுதான் விற்றவருக்குப் போகும். ‘நல்ல நிலையில்’ என்று போட்டிருந்த தையல் மெஷின் ஒன்று ஊசியே இறங்காமல் வந்து சேர்ந்தது. படம் எடுத்து அனுப்பினேன், பணம் திரும்பிவிட்டது. சண்டையில்லை, சத்தமில்லை. இதையெல்லாம் தம்பி ஜெபாவிடம் போனில் சொல்லிச் சிரிப்பேன். “மனுசனை மனுசன் நம்பாத ஊருடா இது” என்பேன். அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே ஓங்கி அறையலாம் போல இருக்கிறது.

போன வருடம் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரெட்டியார்சத்திரம் பக்கம் நாற்பது வருடம் மல்லிகை போட்டவர். நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க அவரால் முடியவில்லை. “என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று ஒரே பிடிவாதம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் வீட்டில் இருந்தால் அனுப்பலாம் என்றார் டாக்டர். கடையில் கேட்டால் புதிது வர ஒரு வாரமாகும் என்றார்கள். நான் இங்கிருந்தே ஆன்லைனில் தேடினேன். தாடிக்கொம்பிலிருந்து ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: ‘ஆக்சிஜன் மெஷின். வீட்டு உபயோகம். கொஞ்ச நாள்தான் ஓடியது. நன்றாக ஓடுகிறது.’ அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் ஓடியது, வருகிற காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு, ஒன்றும் கிடையாது. இதே விளம்பரத்தை ஒரு ஜெர்மன்காரர் போட்டிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன்.

போன் போட்டேன். விற்றவர் பெயர் முருகேசன். நாலு வார்த்தை பேசுவதற்குள் வம்சத்தையே கண்டுபிடித்துவிட்டார். “அட, பூக்காட்டுச் சேவியர் மகளாக்கா நீங்க? எங்க சித்தப்பாவும் உங்கப்பாவும் ஒரே கடைக்குத்தானே பூப்போட்டாங்க! ஐயாவுக்கா மெஷினு? தாராளமா எடுத்துக்கங்க.” விளம்பரம் வந்த அந்தத் தளத்திலும் பணத்தைப் பிடித்து வைக்கும் பாதுகாப்பு இருந்தது. “சைட்டு வழியாவே பணம் போட்றவா தம்பி?” என்று இழுத்தேன். “நம்மளுக்குள்ள எதுக்குக்கா அதெல்லாம்? என்னைய நம்பலையா?” என்றார். உடம்பே கூசிவிட்டது. அப்பாவோடு பூப்போட்டவர் வீட்டுப் பிள்ளையிடம் இப்படியா கேட்பேன்! அடுத்த நிமிடமே நேராக அவர் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஜெபா போய் மெஷினை எடுத்துவந்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறவன் அவன். தக்காளிப் பெட்டிக்குள் கையை விட்டே அடியில் எத்தனை அழுகல் என்று சொல்லிவிடுவான். மெஷினையும் அப்படித்தான் பார்த்திருக்கிறான். குழாய் முனையில் உள்ளங்கையை வைத்துவிட்டு, “காத்து ஜம்முனு வருதுக்கா, நல்ல மெஷினு” என்றான். நானும் சரியென்றேன். படித்தவள், வெளிநாட்டில் குப்பை கொட்டுகிறவள், எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாளே அப்பாவின் விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியில் எண் இறங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் தொண்ணூற்றிரண்டு இருந்தது, வீட்டில் எண்பத்தெட்டு, எண்பத்து மூன்று என்று விழுந்தது. ஜெபா மெஷினைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறான். அதுவும் பெரிய சத்தம் போட்டுக் காற்றைத் தள்ளியிருக்கிறது. உதடு நீலம் பாரித்து, என்றோ செத்துப்போன பெரியப்பாவைக் கூப்பிட்டு அப்பா பேச ஆரம்பித்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் மெஷினைச் சோதித்த நர்ஸம்மா, “இதுல வர்றது வெறுங்காத்துங்க. ஃபேனுக்கு முன்னாடி உக்காந்திருந்தாலும் இதே கதிதான்” என்றார்.

முருகேசனைக் கூப்பிட்டேன். “ஓடுதுன்னுதானக்கா போட்டிருந்தேன், ஓடுதுல்ல? உங்க தம்பியும் பாத்துத்தானே எடுத்தாரு?” என்றார். தளத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. போலீசுக்குப் போகலாமா என்றதற்கு, கடைக்காரரில்லாமல் தனி ஆளிடம் வாங்கியது, விளம்பரத்தில் சொன்னதும் பொய்யென்று நிரூபிப்பது கஷ்டம் என்றார் தெரிந்த வக்கீல் ஒருவர். ஒருவேளை அந்த ஆளுக்கும் விவரம் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் மனசு ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது.

விடுப்புப் போட்டு ஊருக்குப் போனேன். நேரே தாடிக்கொம்பு. முருகேசன் வாசலுக்கு வந்து, “வாங்கக்கா” என்றாரே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் மனைவிக்கு நடந்தது எதுவும் தெரியாது. காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பெண் வெள்ளந்தியாகக் கேட்டாள்: “ஐயாவுக்கு இப்பத் தேவலையாக்கா? எங்க அத்தைக்கு அந்த மெஷின்ல கடைசி வரைக்கும் நம்பர் ஏறவே இல்லக்கா. அம்புட்டுச் செலவு பண்ணி ரிப்பேரும் பாத்தோம். முடியாதுன்னுட்டாங்க.”

தெரிந்தே விற்றிருக்கிறான். பெற்ற தாய் மூச்சுக்குத் தவித்ததைக் கூடவே இருந்து பார்த்துவிட்டு, இன்னார் அப்பாவுக்குத்தான் போகிறது என்றும் தெரிந்துகொண்டே விற்றிருக்கிறான். ‘அக்கா’ என்று கூப்பிட்ட வாய்! காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொன்னேன். மூச்சு வாங்க வாங்க, “விட்டுரு ஆத்தா, வெளிய சொல்லாத. அவுக சித்தப்பன் காதுக்குப் போனா மனுசன் தாங்கமாட்டான்” என்றார். அவருக்கு அந்தச் சிநேகிதரின் மனசு பெரிது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அதற்குள் கடையில் புது மெஷின் வந்திருந்தது. அதை வைத்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகே ஜெர்மனிக்குத் திரும்பினேன்.

இப்போது தினமும் விடிந்ததும், அப்பாவின் விரல் கருவியைப் படமெடுத்து ஜெபா அனுப்பிவிடுகிறான். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்றிரண்டு. போன வாரம் ஒருநாள் அந்தப் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது இன்று எடுத்ததுதானா? நான் பயந்துவிடக் கூடாதென்று பழைய படத்தையே திரும்ப அனுப்புகிறானோ? ‘வீடியோ கால் போடு, விரலோடு காட்டு’ என்று அனுப்பினேன். பதில் வந்தது. “என்னையுமா நம்பலக்கா?”

நான் பதில் எழுதுவதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ஜெபா முகத்தைக் காட்டவில்லை. அப்பாதான் இருந்தார். கருவி மாட்டிய விரலைத் தூக்கிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். “தெரியுதா தாயி? நல்லாப் பாத்துக்க” என்றார். நான் எண்ணைப் பார்த்தேன்.